ஏரியும் மதகும் கணிப்பொறியும்

உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய படிப்புகளுக்கே நம் வீடுகளில் மதிப்பு அதிகம். டாக்டருக்குப் படிக்கிறாள், ஆசிரியைப் பயிற்சி பெறுகிறாள் என்றால் கேட்டவர் மனம் நிறைந்து விடும். செங்கற்பட்டில் முதுகலை இயற்பியல் பயிலும் என் தம்பி மகள் எடுத்துக்கொண்ட தலைப்போ அப்படிப்பட்டதன்று. துகள் இயற்பியல் சோதனைகளில் தரவுகளைச் சேகரிக்கும் அமைப்பைக் கணிப்பொறியில் மாதிரியாக உருவாக்கிப் பார்ப்பது அவளுடைய ஆய்வு. எங்கள் குடும்பத்தில் அதைத் தடுமாறாமல் சொல்லக் கூடியவள் அவள் ஒருத்தியே.

முதுகலை முடித்தபின் இதே துறையில் ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்குள் நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். தம்பி என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்கள் இயற்பியல் கற்பித்தவர். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் செலவிடும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? நீங்கள் சொன்னால் கேட்கிறேன்" என்றான். அருகில் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்த எங்கள் தாயார், "கட்டாத வீட்டுக்குத் திண்ணை அளக்கிறாளாமே!" என்று தம் கருத்தையும் சொல்லி வைத்தார். அவர்களிடம் நான் கூறியதையே இங்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் எழுவதன்று.

கட்டாத வீடு

நாம் அமர்ந்திருக்கும் இடத்திலேயே மியூவான் எனும் நுண் துகள்கள் வானிலிருந்து இடைவிடாது பொழிந்து கொண்டிருக்கின்றன. விரித்த உள்ளங்கையின் வழியே ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று ஊடுருவிச் செல்கிறது. நியூட்ரினோ என்னும் மற்றொரு துகளோ பூமியையே துளைத்துக் கொண்டு போய்விடும். மிக அரிதாகவே எதனோடும் மோதும். மியூவான் மழையை மேலேயுள்ள பாறை தடுத்துவிட்டால்தான் அந்த அரிய மோதலைக் காண முடியும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் கண்டவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் இருந்தனர்.

அதன் தொடர்ச்சியாகவே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலைக்குள் ஓர் ஆய்வகம் திட்டமிடப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 50,000 டன் இரும்புத் தகடுகளுக்கிடையே 28,800 உணர்கருவிகள். ஒவ்வொன்றிலும் 128 மின்பட்டைகள். பெருக்கிப் பார்த்தால் 36 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளிலிருந்து செய்தி வரும். மலையைப் பற்றியும் நீரைப் பற்றியும் அப்பகுதி மக்களுக்கு அச்சம் எழுந்தது, வழக்குகள் நடந்தன, 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. பெரிய கருவி இன்றுவரை எழவில்லை. ஆயினும் 85 டன் எடையுள்ள அதன் சிறிய வடிவம் 2018 முதல் மதுரையில் அமைந்துள்ளது.

ஆகவே என் தாயார் சொன்னதில் பாதி உண்மை. வீடு கட்டப்படவில்லை. ஆனால் கட்டுவதற்கு முன்பு அளப்பவரைத்தானே நாம் நல்ல கொத்தனார் என்கிறோம்! கட்டிய பிறகு அளந்தால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

கொளவாய் ஏரி கற்பிக்கும் பாடம்

செங்கற்பட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நமக்குக் கொளவாய் ஏரி இருக்கிறது. ஐப்பசி மழை சீராகப் பெய்வதில்லை; ஒருநாள் கொட்டும், மறுநாள் ஓயும். மதகோ ஓர் அளவுக்கு மேல் நீரை வெளியிடாது. இடையே ஏரி நின்று பெருக்கைத் தாங்கிக் கொள்கிறது. ஏரியும் நிறைந்துவிட்டால் மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறிவிடும். அந்த நீர் நம் வயலுக்கு இல்லை.

சோதனைக் கருவியிலும் இதுவே நிகழ்கிறது. துகள்கள் மழையைப் போல் ஒழுங்கின்றி வருகின்றன. ஒவ்வொரு செய்தியையும் படித்துப் பதிவு செய்ய மின்சுற்றுக்குச் சிறிது நேரம் வேண்டும்; அது மதகு. காத்திருக்கும் செய்திகளைத் தாங்கும் நினைவகம்தான் ஏரி. நினைவகம் நிரம்பிய நொடியில் வரும் செய்தி கலங்கலில் போகும் நீராகிவிடும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு செய்தியைப் பதிவு செய்ய வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமாகிறது. வினாடிக்குச் சராசரியாக 500 செய்திகள் வருகின்றன என்று கொள்வோம். ஆயிரம் செய்திகளுக்கு வசதி இருக்க, ஐந்நூறுதான் வருகின்றன என்பதால் எதுவும் தவறாது என்றே எண்ணத் தோன்றும். உண்மையில், காத்திருக்க இடமே இல்லாவிடில் வருவனவற்றில் மூன்றில் ஒரு பங்கு இழப்பாகிறது! ஒன்றைப் பதிவு செய்து கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விடுவதே காரணம். காத்திருக்க நான்கு இடங்கள் அமைத்தால் இழப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். சராசரியை மட்டும் நம்பியவன் மோசம் போவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தக் கணக்கின் மூலம் தொலைபேசித் துறையில் இருக்கிறது. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909-இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். ஆனால் லட்சக்கணக்கான இணைப்புகள் ஒன்றையொன்று பாதிக்கும் இடத்தில் காகிதக் கணக்குக்கு எல்லை வந்து விடுகிறது. அங்கேதான் கணிப்பொறி மாதிரி உதவுகிறது. துகள்களைப் போலவே ஒழுங்கின்றி வரும் கற்பனைச் செய்திகளை உருவாக்கி, ஏரியின் கொள்ளளவையும் மதகின் அகலத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறாள் என் தம்பி மகள். எங்கே நிரம்புகிறது, எங்கே இழப்பு நேர்கிறது என்பது ஒரு ரூபாய்க் கருவியும் வாங்காமலே தெரிந்து விடுகிறது.

மாதிரிக்கும் எல்லை உண்டு. நாம் சொல்லிக் கொடுத்தது மட்டுமே அதற்குத் தெரியும். அதனால்தான் மதுரையில் உள்ளதைப் போன்ற உண்மைக் கருவியோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியுள்ளது.

சாட்சியும் தேர்வும்

இனி, வருவதையெல்லாம் பதிவு செய்வதும் கூடாது. மின்சுற்றுகளில் துகள் ஏதும் வராமலே வெற்றுத் துடிப்புகள் எழும். பெருநாள் பிறைக்கு நீதமான இரு சாட்சிகளை நம் மார்க்கம் கேட்கிறதல்லவா? அதுபோல், ஒரே நேரத்தில் பல அடுக்குகள் ஒருமித்துச் சொன்னால்தான் கருவி அதைத் துகள் என ஏற்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணு உலைகளிலும் இதே முறை உண்டு. முக்கியமான அளவீடுகளுக்கு மும்மூன்று உணர்கருவிகள். மூன்றில் இரண்டு அபாயம் என்றால் உலை தானே நின்றுவிடும்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள் கற்றைகள் வினாடிக்கு 4 கோடி முறை சந்திக்கின்றன. முதற்கட்டத் தேர்வில் ஏறத்தாழ ஒரு லட்சம் நிகழ்வுகள் மிஞ்சும். அவற்றிலும் ஆயிரத்தை ஒட்டியவையே நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டு வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யினரும் பங்கேற்கும் பணி இது. 2012 ஜூலை 4-இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் இந்தச் சல்லடையில் தங்கியவற்றிலிருந்தே கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஏறத்தாழ ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து, திரும்ப வருபவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சத்தையே தம் நூலில் அவர்கள் தொகுத்ததாகச் சொல்லப்படுகிறது. தேர்வின் விதியை முதலில் வகுத்துக்கொண்டு, அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொன்றாகச் சோதித்த பேருழைப்பு அது! ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தம் நூலில் சேர்க்காதவை யாவும் பொய்யென்று தள்ளப்பட்டவை அல்ல. அவற்றுள் பல வேறு தொகுப்புகளில் இன்றும் இருக்கின்றன. கருவி கைவிட்டதோ எங்கும் இல்லை. எனவே விதியில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கச் சான்றும் மிஞ்சாது. தள்ளும் விதியை முன்கூட்டியே சோதிப்பது ஏன் கட்டாயம் என்பது இப்போது விளங்கும்.

பதிந்து வைத்ததன் பயன்

உதகையில் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அங்கு இடிமேகம் கடந்து சென்ற சுமார் 18 நிமிடங்களில், மியூவான்களின் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு அளவு குறைந்தது. அந்தச் சிறிய குறைவும் பிசகாமல் பதிவாகியிருந்தது. பின்னர் கணிப்பொறி மாதிரியின் துணையால், மேகத்திற்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். அன்று கருவி ஒரு கணம் திணறியிருந்தால் அந்த உண்மை மேகத்தோடு போயிருக்கும்.

இத்தனையும் கேட்டபின் தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இது நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பது போலத்தான்" என்றான். ஆம், கண் முன்னே ஒருமுறை மட்டும் நிகழ்வதைக் கூட்டாமல் குறைக்காமல் பின்வருவோரிடம் சேர்ப்பிப்பது அமானிதமே. எவ்வளவு தவறவிட்டோம் என்பதையும் கணக்கிட்டு வெளிப்படையாகச் சொல்வது அதன் நேர்மை.

"பயன் இல்லை" என்று நாம் வீட்டில் தள்ளிவிடும் விருப்பங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இடையில் நிறுத்தப்பட்ட பெண்ணின் படிப்பும் கலங்கலில் போன நீர்தான். தள்ளுவதற்கு முன் அந்த விதி சரியா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டாமா? அவள் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கட்டும் என்றும், சம்பந்த வீட்டாரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு அவள் சம்மதத்தைக் கேட்டே நிக்காஹைப் பற்றி முடிவெடுப்பது என்றும் தம்பி தீர்மானித்திருக்கிறான். விண்ணப்பப் படிவத்தைப் பார்த்த என் தாயார், "சரி, திண்ணையை ஒழுங்காக அளக்கச் சொல்" என்றார்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதில் நேர்மையையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.