அப்பாவும் பதினான்கு சிலிண்டர்களும்

"இந்தக் குளிர்ல உளி கையில நிக்காது பாப்பா."

அமெரிக்கா வந்த பத்தாவது நாள் அப்பா இப்படிச் சொன்னார். நாங்கள் இருப்பது மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரி என்பது இங்கே சாதாரணம். யாரும் அதை ஒரு செய்தியாகக்கூடப் பேசமாட்டார்கள்.

அப்பா மன்னார்குடியில் நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறாரே என்று, நவம்பரில் ஆறு மாதத்துக்கு அழைத்து வந்தோம். அவர் பெட்டியில் சட்டை, வேட்டியைவிட உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம்தான் அதிகம் இருந்தன. எங்கள் பையனுக்கு அப்போது எட்டு மாதம். அவன் எழுந்து நடப்பதற்குள் தன் கையால் ஒரு நடைவண்டி செய்து தந்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

வேலை செய்ய இடம்? வீட்டோடு ஒட்டிய கராஜ் இருக்கிறது. இரண்டு கார் நிற்கும் இடம். கார்களை வெளியே நிறுத்திவிட்டு அதை அப்பாவுக்குக் கொடுத்தோம். ஆனால், அது வெறும் பலகைச் சுவரும் தகரக் கதவும்தான். வெளியே என்ன குளிரோ, உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்.

எங்கள் ஊருக்கு கேஸ் குழாய் இணைப்பு கிடையாது. வீட்டைச் சூடாக்குவது புரொப்பேன்தான். தோட்டத்தில் 500 கேலன் டேங்க் ஒன்று வெள்ளை யானைக்குட்டி மாதிரி படுத்திருக்கும். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். நம்ம ஊர் சமையல் கேஸில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகாமல் திரவமாக நின்றுவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அதனால்தான் குளிர் நாடுகளில் அதற்கு மவுசு.

அந்த டேங்கிலிருந்து கராஜுக்கு ஒரு ஹீட்டர் இணைக்கலாம். ஆனால் ஹீட்டர், குழாய், உரிமம் உள்ள டெக்னீஷியன் என்று செலவு ஆயிரங்களில் போகும். "ஆறு மாசத்துக்கு எதுக்கு அவ்வளவு?" என்றார் என் கணவர். எனக்கும் சரியென்றே பட்டது. கடையில் போய், சிலிண்டர் தலையில் பொருத்தும் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் வைப்பது. 'வீட்டுக்குள் பயன்படுத்தக் கூடாது' என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. கராஜ் வீடு இல்லையே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஜன்னலை நாலு விரற்கடை திறந்து வைத்தோம். அதுவே பெரிய பாதுகாப்பு என்று நினைப்பு.

டிசம்பர் நடுவில் அப்பா வேலையை ஆரம்பித்தார். முதலில் தனக்கு ஒரு வேலை மேஜை. அடுத்து இரண்டு மணை. எனக்கு ஓர் அஞ்சறைப்பெட்டி. காலையில் காபி குடித்துவிட்டுப் போனால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் வருவார். பல மாதங்களாக ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், இந்த ஊர் ஓக் மரத்தின் ரேகை பற்றி என்னிடம் பத்து நிமிஷம் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிலிண்டரும் தீர்ந்துகொண்டே இருந்தது.

இங்கே பெட்ரோல் பங்க்கில் காலி சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்கலாம். விலை 21 டாலர். உள்ளே இருப்பது 6.8 கிலோ. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் பாதிகூட இல்லை. அப்பாவின் ஹீட்டர் 30 ஆயிரம் பி.டி.யு. திறன் கொண்டது. அதில் ஒரு சிலிண்டர் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை என்றால், இரண்டு நாளைக்கு ஒரு சிலிண்டர். மன்னார்குடி வீட்டில் ஒன்றரை மாதம் சமைக்கிற கேஸ் இங்கே நாலே நாளில் காலி.

நாலு வாரத்தில் 14 சிலிண்டர். 294 டாலர்.

பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்துக்கொண்டே, "கராஜ் சிலிண்டருக்கு மட்டும் முந்நூறு டாலர் ஆயிருக்கு" என்று இவரிடம் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை. சும்மா வாயில் வந்தது. அப்பா நிமிரவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டே, "அப்போ இருபத்தஞ்சாயிரம்" என்றார். மனசுக்குள் எண்பத்தைந்தால் பெருக்கியிருக்கிறார்.

"அதெல்லாம் நீங்க யோசிக்காதீங்கப்பா" என்றேன். யோசிக்காதீர்கள் என்று சொன்னால் யோசிக்காமல் இருப்பவரா அவர்? வீட்டுக்கு நிலை, கதவு செய்ய எவ்வளவு ஆகும் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்.

மறுநாளிலிருந்து ஒரு சிலிண்டர் மூன்று நாள் வந்தது. நான் கவனிக்கவில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் அப்பா சொன்னார். ஒன்று, "உளியெல்லாம் துருப்பிடிக்குது பாப்பா. காஞ்ச காத்துன்னு சொன்ன, அப்புறம் எப்படி?" இன்னொன்று, தலைவலி. குளிர்தான் காரணம் என்று அவரே முடிவுசெய்து, நெற்றியில் தைலம் தடவிக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது நாள் காலை பதினோரு மணி. மாடியில் கராஜுக்கு நேர் மேலே இருக்கும் அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அறை வாசலில் இருந்த அலாரம் அலறத் தொடங்கியது. மின்னசோட்டாவில் படுக்கையறையிலிருந்து 10 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு வாங்கியபோதே அது அங்கே இருந்தது. ஒரு நாளும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

குழந்தையைக் கம்பளியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். கராஜ் கதவைத் திறந்தால், அப்பா வேலை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "தலை கிறுகிறுங்குது" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, காரில் உட்கார வைத்துவிட்டு 911-ஐ அழைத்தேன். அப்பா காலில் ஹவாய் செருப்பு. மேலே ஒரு ஸ்வெட்டர். வெளியே மைனஸ் 12.

தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். எல்லோரையும் பரிசோதித்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முகமூடி வைத்துச் சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவமனைக்கும் அழைத்துப் போனார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

தீயணைப்பு வீரர் ஒருவர் கராஜிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். அப்பாவின் பழைய வேட்டி. நீளவாட்டில் கிழித்து, கயிறு மாதிரி முறுக்கி, பெரிய கதவின் அடியில் இருந்த இடைவெளி முழுக்க அடைத்திருந்தார். ஜன்னலையும் இறுக்கச் சாத்தி, விளிம்பில் துணி செருகியிருந்தார். எங்களுக்கு கேஸ் மிச்சம் பண்ணுவதற்காக.

அந்த வீரர் பொறுமையாக விளக்கினார். புரொப்பேன் முழுதாக எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் வரும். எரிவதற்குப் போதுமான காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபோக்கி இல்லாத ஹீட்டரை வைத்துக்கொண்டு இடைவெளிகளை அடைப்பது என்பது, நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் விஷம். சிலிண்டரை உள்ளே வைத்ததும் தவறு. கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோடு தேங்கும்.

உளி துருப்பிடித்த மர்மமும் விலகியது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். ஒரு சிலிண்டருக்கு 11 லிட்டர்! அத்தனையும் அந்த மூடிய கராஜுக்குள் அப்பாவின் கருவிகள் மேல்தான் படிந்திருக்கிறது.

அன்று இரவு நான் அப்பாவிடம் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு முகமும் இல்லை. விலையை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அவர் காதில் போட்டது நான். அதற்கு என்ன வழி என்று அவரோடு உட்கார்ந்து பேசாதது நான். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அலட்சியப்படுத்தியதும் நாங்கள்தான்.

"நான் ஊருக்கே போயிடறேன் பாப்பா" என்றார். இவர்தான் பேசினார். "மாமா, நீங்க போக வேணாம். ஒரு எஸ்டிமேட் போட்டுத் தாங்க" என்று பேப்பரும் பென்சிலும் கொடுத்தார்.

அப்பா முகம் மாறியது. மறுநாள் ஹீட்டர் இல்லாமல், இவருடைய கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, டேப் வைத்து கராஜை அளந்தார். நீளம் 24 அடி, அகலம் 24 அடி. "மேல பாருங்க மாப்பிள்ளை. சூடு மேலதான போகும்? அங்க ஒண்ணுமே இல்ல. கதவு வெறும் தகரம். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டு, தண்ணிக்கு ரொம்ப செலவாகுதுன்னா எப்படி?" என்றார். டிசம்பரிலேயே இதை அவரிடம் கேட்டிருக்கலாம்.

டெக்னீஷியனும் அதையேதான் சொன்னார். முதலில் அடைப்பு, அப்புறம் நெருப்பு. ஆனால் அடைத்த இடத்தில் வைக்கும் ஹீட்டர், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடுவதாக இருக்க வேண்டும். மரத்தூள் பறக்கிற இடத்தில் திறந்த நெருப்பும் கூடாது.

சுவருக்கும் கூரைக்கும் கண்ணாடி நார்ப் பஞ்சு, அதன் மேல் ஜிப்சம் பலகை, கதவுக்கு ஃபோம் பலகை, கதவின் அடியில் ரப்பர் பட்டை. பொருள் செலவு 1,150 டாலர். வேலை, மாமனாரும் மாப்பிள்ளையும். அப்பா அளந்து சொல்வார், இவர் வெட்டுவார். கூரையில் தொங்கும் 45 ஆயிரம் பி.டி.யு. ஹீட்டர், வீட்டு டேங்கிலிருந்து குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 2,250 டாலர். ஆக, 3,400.

பிப்ரவரி மாதக் கணக்கை நானே எழுதி வைத்தேன். புது ஹீட்டர் எரிகிற ஒரு மணி நேரத்துக்கு அரை கேலன் குடிக்கும். அந்த மாதம் முழுக்க 70 மணி நேரம் எரிந்ததாக தெர்மோஸ்டாட் காட்டியது. 35 கேலன். லாரியில் வரும் விலை கேலனுக்கு 2 டாலர் 20 சென்ட். மொத்தம் 77 டாலர். பங்க்கில் வாங்கிய சிலிண்டரில் இருந்தது மூன்றரை கேலன். அதாவது கேலன் 6 டாலர். அதே கேஸுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விலை கொடுத்து, அதில் பெரும்பகுதியைக் கூரை வழியாக ஆகாயத்துக்கு அனுப்பியிருக்கிறோம்!

மாதம் 200 டாலருக்கு மேல் மிச்சம்தான். ஆனால் இங்கே கடும் குளிர் ஐந்து மாதம். அப்படிப் பார்த்தால் போட்ட 3,400 திரும்பி வர மூன்று குளிர்காலத்துக்கு மேல் ஆகும். அப்பா ஏப்ரலில் போய்விடுவார். கணக்கு மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். இதை இந்த முறை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடி ரூமுல தரை இப்போ சில்லுனு இல்லையே, பார்த்தியா? அதையும் சேத்துக்க" என்றார். உண்மைதான். கராஜ் கூரைதானே குழந்தையின் அறைக்குத் தரை.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நடைவண்டி தயாரானது. மூன்று சக்கரமும் மேப்பிள் மரம். பதினோரு மாதப் பையன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கராஜின் சிமென்ட் தரையில் நாலு அடி தள்ளினான். சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டது. அப்பா குனிந்து அவனுக்கு முன்னால் கை நீட்டியபடி பின்பக்கமாகவே நடந்தார்.

ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்போது அப்பா உளிகளைப் பெட்டியில் வைக்கவில்லை. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மேஜை அறையில் வைத்திருந்தார். "அடுத்த தடவை ஒரு ஊஞ்சல் பலகை" என்றார்.

உளிகளைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வேட்டிதான்.