கிலோவுக்கு ஆயிரம் முடிச்சு

கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு டீ குடிக்க இறங்கும் ஊர். மலையேறும் முன் ஒரு எலுமிச்சம்பழம், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை, வண்டி கிளம்பிவிடும். ராஜம் ஐயர், சுப்பிரமணிய சிவா, பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என்று தமிழுக்கு நாலு பேரைக் கொடுத்த ஊர் என்பது இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களும் பகலில் வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் பகலிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரிலும் கிழக்கே நிலக்கோட்டைப் பக்கத்திலும் பார்க்க வேண்டிய காரியம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் பார்த்தாயிற்று, நாயக்கர் மஹால் பார்த்தாயிற்று, வேறென்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களை நான் இந்தப் பக்கம்தான் அனுப்புகிறேன். கோயில் வாசலில் அவர்கள் வாங்கும் மல்லிகைச் சரத்துக்குப் பின்னால் இருக்கிற ஊர்கள் இவை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மதுரையுடையது என்றாலும் பூவின் நிலம் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை என்று பரந்து கிடக்கிறது. அதில் நிலக்கோட்டை வட்டாரத்துச் செம்மண்ணின் பங்கு பெரியது.

பங்குனிக் கடைசியில், சிலுக்குவார்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். மூன்றரை மணி இருக்கும். தூரத்தில் வெளிச்சப் புள்ளிகள் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தன. கிட்டே போனதும்தான் தெரிந்தது, தலையில் லைட் மாட்டிய பெண்கள். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு மடி. இடுப்பு உயரச் செடிக்குள் குனிந்தபடியே வரிசை பிடித்து வருகிறார்கள். “பாத்து வாங்க தம்பி, பூச்சி பொட்டு கெடக்கும்” என்று ஒரு அக்கா சொன்னார். பூச்சி பொட்டு என்று அவர் சொன்னது பாம்பையும் சேர்த்துத்தான். இரவில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பறிக்கிற கையைக் கவனித்தேன். ஒரே கொத்தில் இன்றைய மொட்டும் நாளைய மொட்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்கு எடுக்க வேண்டியது முற்றி, பால் வெள்ளையாக, தலை பருத்திருக்கும். நாளைக்கு உரியதில் பச்சை ஓட்டம் இருக்கும். தலை லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் பட்டன. அவர்கள் கண்ணால் பிரிப்பதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மொட்டைத் தொட்ட மாத்திரத்தில் அதன் பருமன் தெரிந்துவிடுகிறது. காம்போடு கிள்ள வேண்டும். காம்பு போன மொட்டைக் கட்ட முடியாது, அது சென்ட் கம்பெனிக்குத்தான் போகும். புழு விழுந்த மொட்டு ஊதா ஓடியிருக்கும், அதை அங்கேயே உதிர்த்துவிடுகிறார்கள். இத்தனை தீர்மானமும் ஒரு நொடிக்குள், இரண்டு கையிலும் தனித்தனியாக நடக்கிறது.

இருட்டில் பறிப்பதற்குக் காரணம் உண்டு. மல்லிகை மாலை கவிந்த பிறகுதான் விரியும். வெயில் ஏறுவதற்குள் பறித்துக் குளுமையாகச் சாக்கில் போட்டால் மொட்டு மாலைவரை மொட்டாகவே இருக்கும், சந்தையிலும் விலை நிற்கும். மதுரை மல்லிக்குக் குறியீடு வாங்கித் தந்த குணங்களில் இதுவும் சேர்ந்தது: தடித்த இதழ், சீக்கிரம் விரியாத மொட்டு, நின்று மணக்கும் வாசம்.

ஒரு மொட்டு கால் கிராம் அளவுதான் இருக்கும். அப்படியென்றால் ஒரு கிலோ சேர்வதற்கு ஏறத்தாழ நாலாயிரம் தடவை விரல் கிள்ள வேண்டும். கூலி எடைக்கணக்கு. விடிந்ததும் தோட்ட மூலையில் தராசு வைத்து, அவரவர் மடியை நிறுத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். முந்தின நாள் மருந்தடித்த தோட்டமாக இருந்தால் விரல் நுனி எரியும் என்று அந்த அக்கா கையை விரித்துக் காட்டினார். நகக்கண் கறுத்து, நுனித்தோல் வெடித்திருந்தது. “வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெ தேய்ச்சாச் சரியாப் போகும்” என்றார்.

அங்கிருந்து சாக்குகள் டூவீலரிலும் மினி வேனிலும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போகின்றன. கோயில் திருவிழாக்களுக்கு இணையாக மதுரைக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் என்று அதைச் சொல்வேன். மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, அரளி, கனகாம்பரம், பட்டன் ரோஸ், செவ்வந்தி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து எல்லாம் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும். வாசனை ஒவ்வொன்றாகத் தெரியாது, ஒரே கனமாக நெஞ்சில் வந்து உட்காரும். கமிஷன் கடைக்காரர் ஒரு கையில் போனைக் காதில் வைத்தபடி, மறு கையைச் சாக்குக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். மேலாக நல்ல மொட்டையும் அடியில் நேற்றைய பூவையும் வைத்திருந்தால் அந்த ஒரு பிடியில் தெரிந்துவிடும். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இன்றைக்கு என்ன போகிறது என்று போனில் கேட்டுக்கொண்டே இங்கே விலை வைக்கிறார். முகூர்த்த நாளா, பக்கத்தில் திருவிழா இருக்கிறதா, ராத்திரி பனி பெய்ததா என்பதெல்லாம் அந்த விலையில் கலந்திருக்கும்.

விவசாயிக்குச் செடி வைக்கவும் மருந்து வாங்கவும் முன்பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் இதே கடைக்காரர்தான். முன்பணம் வாங்கியவர் பூவை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் பறித்த அன்றே விற்றாக வேண்டிய ஒரு சரக்குக்கு, பேங்க் திறப்பதற்கு முன் காசு எடுத்துக் கொடுக்கிற ஆள் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்கழியில் இதே மார்க்கெட்டுக்கு வந்தால் அடையாளமே தெரியாது. பனியில் செடி பூக்காது. கார்த்திகை, மார்கழி வாக்கில் கவாத்து செய்து, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருப்பார்கள். வருகிற கொஞ்சம் மொட்டும் சிறுத்துத்தான் வரும். அப்போதுதான் விலை கிலோ 3,000 ரூபாயையும் தாண்டி, செய்தித்தாளில் மதுரை மல்லியின் படம் வரும். கோடையில் அதே பூ இருநூறுக்கும் முந்நூறுக்கும் இறங்கும்போது படம் போட மாட்டார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தில் பறிக்கிற பெண்ணின் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பூ மூவாயிரத்துக்கு விற்கிற நாளில் செடியில் பூ இல்லை. ஒரு கிலோ பறிக்கவே தோட்டம் முழுக்க அலைய வேண்டும், எடைக்கூலியோ கைக்கு எட்டாமல் சுருங்கிவிடும். பூ கொட்டுகிற காலத்தில் எடை கூடும், அப்போது விவசாயி கையில் காசு இல்லை, கூலியை உயர்த்திக் கேட்க வழியில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கைக்கு ஒரே நிலைதான்.

காம்பு போன பூ சென்ட் கம்பெனிக்குப் போகும் என்றேன்; விற்காத பூவும் அங்கேதான் போகும். அங்கே ஹெக்சேன் கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு போன்ற ஒரு சாரத்தை எடுக்கிறார்கள். ஒரு டன் குண்டுமல்லியிலிருந்து இரண்டு கிலோ கிடைத்தால் நல்ல மகசூல். அதிலிருந்து பிரித்த நறுமணத் தைலம் பிரான்ஸ்வரை போய் வாசனைப் புட்டிகளில் சேர்கிறது. சீனாவில் ஹெங்சோ பகுதியில் இதே செடியின் மொட்டைத் தேயிலையோடு அடுக்கித் தேயிலைக்கு மணம் ஏற்றுகிறார்கள். பிலிப்பைன்ஸ் 1934 முதல் இதைத் தேசியப் பூவாக வைத்திருக்கிறது. அங்கும் சரமாகக் கோத்து விற்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஊசியில். நம்மூரில் ஊசி எடுப்பதில்லை, விரலால் கட்டுகிறோம்.

அந்தக் கட்டைப் பார்க்கத்தான் வத்தலக்குண்டுக்குத் திரும்பி வந்தேன். காலை பதினொரு மணிக்கு மேல், சமையல் முடித்த பெண்கள் தெருவில் நிழல் விழுந்த திண்ணைகளில் வந்து உட்காருகிறார்கள். பூக்கடையிலிருந்து ஒரு பையன் பொட்டலத்தைக் கொண்டுவந்து வீடு வீடாக நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். நாலு மணிக்குள் கட்டி முடித்தாக வேண்டும். பஸ் நிலையத்துக் கடைகளுக்கும் மலைக்குப் போகும் வண்டிகளுக்கும் சரம் போய்ச் சேர வேண்டிய நேரம் அது.

அறுபதைத் தொடும் ஒரு அக்கா பக்கத்தில் இடம் கொடுத்தார். முன்னால் ஈரத்துணி விரித்து அதில் மொட்டு. இடது கையில் நார். இரண்டு மொட்டு தலை இந்தப் பக்கம், இரண்டு மொட்டு தலை அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலது விரலில் ஒரு முறுக்குக் கொடுத்துக் கண்ணி போட்டு, அதைக் காம்பின் மேல் இறக்கி ஒரு இழுப்பு. அடுத்த நாலு மொட்டு. அவர் கண் என் மேல் இருக்க, பேச்சு பேத்தியின் பள்ளிக்கூடம் பற்றி ஓடிக்கொண்டிருக்க, சரம் மடியில் வளர்ந்துகொண்டே போனது.

“இறுக்கினாக் காம்பு அறுந்துரும், விட்டா உதுந்துரும்” என்றார். அதற்கு நடுவில் எவ்வளவு என்று கேட்டேன். நாரை என் விரலில் ஒரு சுற்றுப் போட்டு இழுத்துக் காட்டினார். பிடிப்பு தெரிந்தது, வலி இல்லை. “இப்ப மொட்டு. ராத்திரி ஒம்பது மணிக்கு விரியும்ல, அப்ப எடம் வேணும்ல அதுக்கு.” கட்டும்போது மொட்டாக இருப்பதை, விரிந்தால் எப்படி இருக்கும் என்று கணித்துத்தான் இடைவெளி விடுகிறார்கள். நெருக்கக் கட்டு என்றால் தலையில் வைத்தவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு இதழ் நசுங்கித் தெரியும். தளரக் கட்டினால் விரிந்த பிறகும் நடுவில் நார் தெரியும். கடைக்குத் தளரக் கட்டினால்தான் முழம் கூடுதலாக வரும், லாபம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “பூவ வச்சவுக யாரு கட்டுனதுன்னு கேக்க மாட்டாக. ஆனாலும் என்னவோ கையி வர மாட்டேங்குது” என்றார்.

வாழைநாரை அவர் விடவில்லை. காய்ந்த பட்டையை நனைத்து நகத்தால் கிழித்து வைத்துக்கொள்கிறார். நார் ஈரம் பிடித்து வைக்கும், காம்பை அறுக்காது. பக்கத்துத் திண்ணையில் இளம் பெண்கள் எல்லாரும் நூல்தான். நாரில் முழத்துக்கு முழம் முடிந்து சேர்க்க வேண்டும், நூல்கண்டு தொடர்ந்து வரும், வேலை வெரசாக முடியும். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கூலி எடைக்கு.

முடிச்சுக்கு நாலு மொட்டு என்றால் கிலோவுக்கு ஆயிரம் முடிச்சு. மார்கழியில் மொட்டு சிறுத்துவிடுவதால் அதே கிலோவில் மொட்டு எண்ணிக்கை கூடும், முடிச்சும் கூடும், கூலி கூடாது. பூ விலை மூவாயிரம் போகிற மாதத்தில் கட்டுகிறவருக்கு வேலை அதிகம், காசு அதேதான். தோட்டத்தில் பார்த்த கணக்கே திண்ணைக்கும் வந்துவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதால்தான் இதைத் திருத்தவும் யாருக்கும் தோன்றவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துப் பாய் பின்னுவதுபோல் செய்கிற மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே அங்கீகாரம் மாலைக்கு, அதாவது செய்கிற கைக்கு. மதுரை மல்லியில் அங்கீகாரம் மண்ணுக்கும் பூவுக்கும். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் மதுரை மல்லி என்று உலகம் கையில் வாங்குவது பெரும்பாலும் சரமாகத்தான். அதைப் பறித்தவரும் கட்டியவரும் அந்தப் பெயருக்குள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பார்க்க வர நினைப்பவர்கள் பங்குனி, சித்திரையில் வாருங்கள். முதல் நாள் இரவே வத்தலக்குண்டிலோ நிலக்கோட்டையிலோ தங்கிவிடுவது நல்லது. தோட்டக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், கெட்டியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பறிக்கிறவர்கள் முகத்தில் போன் வெளிச்சம் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் கண் கூசினால் அவர்களுக்கு அத்தனை மொட்டு போகும்.

வத்தலக்குண்டில் கிளம்பும்போது அந்தத் திண்ணை அக்கா ஒரு விஷயம் சொன்னார். இந்த வருஷம் அந்தத் தெருவில் ஆறேழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, இனி கிலோக் கணக்கு வேண்டாம், முழக் கணக்கில் கூலி கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்களாம். முழம் என்றால் மொட்டு சிறுத்தாலும் பெருத்தாலும் கட்டிய அளவுக்குக் காசு வரும். கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். சித்திரைத் திருவிழாவுக்குப் பூ குவியும்போது ஆள் கிடைக்காது, அப்போது ஒத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். “அதுவரைக்கும் பேசாம கட்டுவோம், அன்னைக்கு ஒரு நாளு கைய மடக்கிட்டு ஒக்காந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.