குழல் மாறிய துவக்குகள்

ஒரு பொருளின் பெறுமதியை நிர்ணயிப்பது எது? அதனை ஆக்கிய உழைப்பா, அதன்மேல் பொறித்த பெயரா? பொருளியல் நூல்களிலே மட்டும் எழுகின்ற வினாவன்று இது. இங்கிலாந்திலே பழைய இரட்டைக்குழல் துவக்குகளை ஏலத்தில் விற்போரும் வாங்குவோரும் இதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். அவ்விடை எமக்கு உடன்பாடானதன்று.

நாம் வேட்டைக்காரர் அல்லோம், தமிழாசிரியர். ஓர் ஏட்டுச் சுவடியிலே எவை பழைய ஏடுகள், எவை பின்வந்தோர் எழுதிச் சேர்த்தவை என்று தேறப் பல்கலைக்கழகத்திலே பயின்றவர். நண்பரொருவர் தந்த துவக்கு ஏலப்பட்டியலொன்றை அந்தப் பழக்கத்தினாலேயே ஆர்வத்தோடு படித்தோம். சுவடி ஆராய்ச்சிக்குச் சற்றும் இளைக்காத ஆராய்ச்சி அங்கே நடந்திருந்தது.

துவக்கின் உறுப்புகளுள் முதலில் நலிவது குழலே. கருமருந்தின் எச்சம் உட்சுவரிலே துருப்பிடிக்கச் செய்து குழி விழுத்தும். குழியை நீக்கத் தேய்த்தால் சுவர் மெலியும். மிக மெலிந்த இடத்திலும் ஓரங்குலத்தை ஆயிரமாக வகுத்ததில் இருபது பங்கேனும் தடிப்பு இருத்தல் வேண்டுமென்பது தொழில் வழக்கு. அதற்குக் கீழே போனால் குழலைத் தாங்கும் கைக்கே ஆபத்து. பொறியும் மரப்பிடியும் பழுதின்றியிருக்கக் குழல் மட்டும் நலிந்துபோனால், புதுக்குழல் பொருத்துவதே வழி.

மாறிய குழலைக் கண்டறியும் முறைகள் சில உண்டு. முதலாவது தொடரிலக்கம். பொறியிலும் குழலிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும். ஆனால், செய்த நிறுவனமே குழலை மாற்றும்போது பழைய இலக்கத்தையே மீண்டும் பொறிப்பதுண்டு. ஆதலால் இலக்கம் மட்டும் போதாது. இரண்டாவது, இரு குழல்களுக்கும் இடையே ஓடும் பட்டியிலுள்ள முகவரி. லண்டன் பேர்டி நிறுவனம் 1880களின் தொடக்கம்வரை ஒக்ஸ்போட் வீதியிலே இருந்தது; பின்னரே சவுத் ஓட்லி வீதிக்குச் சென்றது. 1870ஆம் ஆண்டுக்குரிய இலக்கமுடைய துவக்கிலே ஓட்லி மாளிகை என்ற முகவரி காணப்படின், அக்குழல் பிந்தியது என்பது வெளிப்படை.

மூன்றாவது, பரிசோதனை முத்திரை. லண்டன் துவக்குத் தொழிலாளர் கழகம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமின் பரிசோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்தது. வழக்கத்திலும் மிகுந்த மருந்தை இட்டுச் சுட்டு, தாங்கிய குழலுக்கே அங்கே முத்திரை இடுவர். முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறின. 1954ஆம் ஆண்டு விதிகளின்படி, குழல் தாங்கும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் எனப் பொறிக்கப்பட்டது. பழைய முத்திரையும் புதிய முத்திரையும் ஒரே குழலில் அருகருகே இருப்பின், அது மறுபரிசோதனைக்குச் சென்ற பழைய குழல். பொறியிலே பழைய முத்திரையும் குழலிலே புதியது மட்டுமே இருப்பின், குழல் மாறியது. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு சுவடியின் காலத்தைக் கணிப்பதும் இவ்வாறுதான்.

இனி விலைக்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள மூலக்குழலுக்கே முதலிடம். செய்த நிறுவனமே மாற்றிய குழல் அடுத்தது. பிறர் மாற்றியது அதற்கும் கீழே. பழைய குழலின் அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மிகுதியை வெட்டி நீக்கி, அதனுள் புதுக்குழாய்களைச் செருகி இணைத்த துவக்குக்குக் கடைசி இடம்.

இவ்வரிசை முழுதும் பிழையென்று நாம் கூறவில்லை. செய்த நிறுவனத்திடம் பழைய பேரேடும் அளவுகளும் இருக்கலாம். குழலின் நிறை சிறிது மாறினாலும் துவக்கின் சமநிலை கெடும். ஆயின், 'மூலம்' என்று போற்றப்படும் அத்துவக்கை ஆக்கியவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேர்மிங்ஹாமிலே, சென் மேரி தேவாலயத்தைச் சூழ்ந்த பட்டறைகளிலே, குழல் செய்பவன் ஒருவன். பூட்டு அராவுபவன் ஒருவன். மரம் பொருத்துபவன் ஒருவன். சித்திரம் செதுக்குபவன் ஒருவன். அரைகுறையாய் முடிந்த உறுப்புகளைப் பட்டறைக்குப் பட்டறை சுமந்து திரிந்தவர் சிறுவர். இரும்பையும் உருக்கையும் சேர்த்து முறுக்கி, உலையிலே காய்ச்சி, சுருட்டி அடித்து ஒட்டிய டமஸ்கஸ் குழலின் அழகிய வரிகள் இத்தகையோரின் வியர்வையில் விளைந்தவை. லண்டனின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் பேர்மிங்ஹாம் பகுதியிலிருந்து குழல்களை வாங்கித் தம் பெயரைப் பொறித்தன.

பெயர் மேலே இருக்கின்றது, எல்லாரும் காண. முன்மரத்தைக் கழற்றிக் குழலைத் திருப்பினால், அடிப்புறத்திலே சிறிய எழுத்துகள் சில காணப்படுவதுண்டு. அதனைச் செய்த தொழிலாளி தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தி வைத்திருக்கின்றான். அவற்றைப் படித்து இன்னார் எனக் கூறவல்லார் மிகச் சிலரே.

பெருநிறுவனத்திலே பயின்ற தொழிலாளி பின்னர் தனியே பட்டறை வைக்கின்றான். விளக்குக் கரியைப் பூசிப் பொருந்துமிடம் பார்த்து, மயிரிழை மயிரிழையாய் அராவி, ஒரு பழைய துவக்குக்குப் புதுக்குழலைப் பொருத்துகின்றான். கை அதுவே, திறன் அதுவே, பெயர்தான் இல்லை. ஆகவே விலை வீழ்கின்றது. வீழ்ந்த அந்தத் தொகை இதுவரை உழைப்புக்குக் கொடுத்த கூலியன்று. பெயருக்குக் கொடுத்த வாடகை.

மறுபுறம், மூலம் என்பதனாலேயே ஒன்று சிறந்துவிடாது. முத்திரையிட்டபோதிருந்த அளவிலும் வரம்புமீறி உள்விட்டம் அகன்ற குழலை மறுபரிசோதனையின்றி விற்பது பிரித்தானியச் சட்டப்படி குற்றம். எத்தனை பெரிய பெயரைத் தாங்கினும் அதற்கு விலக்கில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. இக்குழல் சுடுபவனுக்குத் தீங்கு செய்யாதா? செவ்வையாகச் செய்யப்பட்டதா? தன் வரலாற்றை மறைக்காமற் சொல்கின்றதா? பழைய முத்திரையை அராவி நீக்கி, இல்லாத பெயரைப் பொறித்த குழல் மூன்றாவதிலே தோற்கும். அது வாங்குபவனை மட்டுமன்றி, செய்தவனையும் வஞ்சிக்கின்றது. செருகிய குழலிலோ, அது செருகப்பட்டதென்பதையே ஒரு சொல்லாகப் பரிசோதனைச் சாலை பொறித்துவிடுகின்றது. சந்தை கடைசியில் வைத்த துவக்கு உண்மை சொல்வதிலே எதற்கும் பின்னிற்கவில்லை.

எம் மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: எப்பொருளைக் கையிலெடுத்தாலும், மேலே பொறித்த பெயரைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், அடியிலுள்ள எழுத்துகளையும் படியுங்கள்.