நீருள் எரியும் நெருப்பு

நீரும் நெருப்பும் ஒன்றையொன்று பகைத்தவை என்பது உலக வழக்கு. அப்பகைக்கு நடுவே நின்று இரும்போடு இரும்பை இணைக்கும் தொழிலொன்று உண்டு. 1932ஆம் ஆண்டிலே சோவியத் பொறியியலறிஞர் கொன்ஸ்தாந்தீன் கிறேனொவ், நீர்புகாப் பூச்சுடைய மின்வாய்களைக் கொண்டு கடலடி வெல்டிங்கைக் கைகூடச் செய்தார். கப்பல்களும் எண்ணெய்க் குழாய்களும் நின்ற இடத்திலேயே செப்பனிடப்படுவதற்கு இதுவே வழிகோலிற்று.

மின்வில்லின் வெப்பம் சூழ்ந்துள்ள நீரை ஆவியாக்கிச் சிதைத்து வாயுக் குமிழியொன்றை உருவாக்குகின்றது. அக்குமிழியினுள்ளேதான் உருக்கு உருகுகின்றது. நெருப்பு வாழ்வதற்கு நீரே இடங்கொடுக்கின்றது எனலாம். ஆயினும் பகை தீர்ந்தபாடில்லை. உருகிய உலோகத்தை நீர் சடுதியிற் குளிர்விப்பதால் அது கடினமுற்று நொய்ம்மையடைகின்றது. நீரிலிருந்து பிரிந்த ஐதரசன் அதனுட் புகுந்து, பின்னர் வெடிப்பை விளைவிக்கின்றது. புறத்தே பழுதற்றதாய்த் தோன்றும் ஒட்டு, அகத்தே பிளவுற்றிருத்தல் கூடும்.

இக்குறையை நீக்க, பழுதுற்ற பகுதியைச் சூழ அறையொன்றை அமைத்து, வாயுவைச் செலுத்தி நீரை வெளியேற்றி, உலர்நிலையில் இணைக்கும் முறையும் உண்டு. ஒட்டு உறுதியாகின்றது; மனிதனோ அமுக்கத்துக்கு ஆளாகின்றான். 100 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு. ஈலியங் கலந்த வாயுவைச் சுவாசித்து அங்கு வேலைசெய்தவன், அமுக்க அறையினுள் நாட்கணக்கில் இருந்தே இயல்பு நிலைக்கு மீளவேண்டும். 1983 நவம்பர் 5ஆம் திகதி, வட கடலின் நோர்வேப் பகுதியில், பைபோட் டொல்பின் என்னும் துளையிடு மேடையில் அத்தகைய அமுக்கம் கணப்பொழுதில் வெளியேறியமையால் சுழியோடிகள் நால்வரும் உதவியாளர் ஒருவரும் மாண்டனர்.

ஒட்டு ஒன்றின் குறை எத்துணைப் பெரிதாகும்? 1980 மார்ச் 27இல், அதே கடலில், அலெக்சாண்டர் கீலன்ட் என்னும் தங்குமிட மேடை கவிழ்ந்து 123 பேர் உயிரிழந்தனர். தாங்குசட்டம் ஒன்றிற் சிறு கருவித் தாங்கியைப் பொருத்திய 6 மில்லிமீற்றர் ஒட்டிலே தொடங்கிய வெடிப்பே அதற்கு மூலம். அவ்வொட்டு தரையிலே, கப்பல் கட்டுந் துறையிலே இடப்பட்டது. அங்ஙனமாயின், கலங்கிய நீரில், கண்ணினும் கையையே நம்பி இடும் ஒட்டின் பொறுப்பு எத்தகையது?

கடலடியில் நிற்பவன் சொன்னால் மட்டுமே மேலே நிற்பவன் மின்னோட்டத்தைச் செலுத்துவான். மின்வாயை மாற்றுமுன் அதனை நிறுத்துவான். ஒருவன் சொல்லையும் மற்றவன் செவியையும் நம்பியே அங்கு உயிர் நிற்கின்றது. மேடைமீது உறங்குவோர் அவ்விருவரின் முகத்தையும் அறியார். ஆயினும் அவர்தம் கைந்நேர்மையின் மீதே உறங்குகின்றனர்.