பொழிமுகத்துத் தாய்மீன்

புளோரிடாவில் குடியேறிய நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடாத ஒன்று, பாடுபட்டுப் பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விடுகிற பழக்கம். கோடை மாதங்களில் மெக்சிகோ வளைகுடாக் கரையோரம், அலை உடைந்து அரித்த பள்ளத்தை ஒட்டி, கையெட்டும் தூரத்தில் ஸ்னூக் மீன் நீந்திப் போகும். மேல்தாடையைத் தாண்டி நீண்ட கீழ்த்தாடை. செவுளிலிருந்து வால்வரை மையால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. பிடிக்க வந்தவர் தண்ணீரில் கால் வைக்காமல் மணலிலேயே நடப்பார். இறங்கினால் மீன் கலைந்துவிடும். முள்ளில் வெள்ளை இறகும் நூலும் கட்டிய விரல்நீளப் பொய்யிரையை மீனுக்குச் சற்று முன்னால் வீசி, விட்டு விட்டு இழுப்பார். கடித்தால் கரைசேர்த்து, முள்ளைக் கழற்றி, விட்டுவிடுவார். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். தென்கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த நாம் அப்படி ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. நம் ஆறு கடல்சேரும் பூவாறு பொழிக்கு வேண்டிய ஒரு பாடம் இந்த மீனுக்கான சட்டத்தில் இருக்கிறது.

புளோரிடா 1957லேயே ஸ்னூக் விற்பதைத் தடுத்துவிட்டது. முட்டையிடும் கோடை மாதங்களில் ஒரு மீனைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அனுமதி உள்ள நாட்களிலும் ஆளுக்கு ஒன்றுதான். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அட்லாண்டிக் கரையில் 32, வளைகுடாக் கரையில் 33 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. குஞ்சைப் பிடிக்காதே என்பது யாருக்கும் புரியும். பெரியதைப் பிடிக்காதே என்பதுதான் யோசிக்க வைக்கிறது. ஸ்னூக் ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டை சுமக்கும் தாய்மீன்கள். 2010 ஜனவரிக் குளிரில் ஸ்னூக் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, வளைகுடாக் கரையில் 2013 செப்டம்பர் வரை யாரும் ஒரு மீனையும் வைத்துக்கொள்ள விடவில்லை. பிடித்து விடுவது மட்டும் தொடர்ந்தது, மீன்வளமும் மீண்டது.

நெய்யாறு அகத்திய மலையில் பிறந்து பூவாற்றில் கடல் சேர்கிறது. வறண்ட மாதங்களில் மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் பொழி, மழைவெள்ளத்தில் முறிந்து திறக்கும். இத்தகைய முகத்துவாரங்களில் வாழும் நம் கொடுவாவும் (மலையாளிகளுக்குக் காளாஞ்சி) ஸ்னூக்கைப் போலவே ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறும் மீன். ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, மழைக்காலத்தை ஒட்டி உப்புநீர் தேடி முகத்துவாரத்துக்கு இறங்கும். கேரளத்தில் 1988 முதல் மழைக்கால இழுவைமடித் தடை இருக்கிறது. 2015ல் 14 இனங்களுக்கும் 2017ல் 58 இனங்களுக்கும் குறைந்தபட்ச அளவு வகுத்ததும் பாராட்டத் தக்கதே. ஆனால் அந்த அளவுகள் குஞ்சைத்தான் காக்கின்றன. தடைக்காலத்திலும் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலைக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு நியாயமானது. ஆனால் பொழிமுகத்தில் கூடும் தாய்மீனை இந்தத் தடையும் அளவுகளும் காப்பதில்லை.

அமெரிக்கக்காரன் விளையாட்டுக்குப் பிடிக்கிறான், பூவாற்றை அடுத்த பொழியூர்க்காரர் பிழைப்புக்குப் பிடிக்கிறார், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கக் கூடாதுதான். கல்லடுக்கும் கடலரிப்பும் கரையைத் தின்றுவிட்டு, கரமடி இழுக்க மணல் தேடுகிறவரிடம் விற்பனைத் தடையைக் கொண்டுபோவது அநியாயம். ஆனால் தாய்மீனைக் காக்க விற்பனையை நிறுத்தியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே கொடுவாவை விற்பனைக்கும் பிடிக்கிறார்கள். அங்கே 58 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலும் 120க்கு மேலே போனாலும் பிடிக்கக் கூடாது. இன்னொரு கேள்வி, முள் குத்திய மீன் விட்டபின் பிழைக்குமா என்பது. ஸ்னூக்கை வைத்து புளோரிடாவில் செய்த ஆய்வில் செத்தவை நூற்றுக்கு இரண்டளவே. தூண்டில்காரரால் பெரிய மீனை விட முடியும். கரமடியில் அப்படிப் பொறுக்கி விடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அளவு வரம்போடு சேர்த்து, இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு தடை வேண்டும் என்கிறேன்: முழுக் கரைக்கும் அல்ல, பொழியின் இருபுறமும் கொஞ்ச தூரத்துக்கு, முட்டையிடும் வாரங்களுக்கு மட்டும். அந்த நாட்களின் கூலியை அரசு ஈடுகட்ட வேண்டும். மீனவர் 1,500 ரூபாய் கட்ட, மத்திய, மாநில அரசுகள் இரண்டும் 1,500 வீதம் சேர்த்து 4,500 தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தொகை போதாது, ஆனால் பணம் போய்ச்சேரும் வழி தயாராக உள்ளது.

இதைக் கேரளம் மட்டும் செய்தால் போதாது. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாட்டுக்கு) போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் பொழியூர் ஒரு மாநிலம், அடுத்த ஊரான நீரோடி இன்னொரு மாநிலம். நீரோடிப் பக்கம் விசைப்படகுத் தடை ஜூன் 1ல் தொடங்குகிறது. பொழியூர்ப் பக்கம் ஜூன் 9 நள்ளிரவில். பொழிமுகத் தடையாவது இரு கரைக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிய வேண்டும். எந்த வாரம் என்பதை, மீன் எப்போது இறங்குகிறது என்று பார்த்தே அறிந்த அந்த இரண்டு ஊர்க் கரமடிக்காரர்களையும் தூண்டில்காரர்களையும் கேட்டு முடிவுசெய்யட்டும்.