ஊர் கூடித் தேர் இழுத்தல்

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவுக்குப் பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்துவர்கள், தங்கள் சபைகளையும் உடன் கொண்டு வந்தனர். கத்தோலிக்கர், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், லூத்தரன் எனப் பிரிவுகள் பல. பேராக் மாநிலத்திலும் அவரவர் ஆலயத்தில் அவரவர் வழிபட்டனர். ஈப்போ, சிலிபினில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் இடம். மெதடிஸ்டு சபையினரோ 1895-இலேயே ஈப்போவில் பள்ளி தொடங்கியவர்கள்.

பின்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. இலயத்து வீடு நிர்வாகத்தின் உடைமை. ஆகவே, வேலை போனவுடன் வீடும் போனது. நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்கள் பக்கத்து வீட்டாரைக்கூட அறியவில்லை. தனித்து வாழும் முதியவருக்கு அரிசி, மாணவர்களுக்குப் பாடத்துணை, குடிக்கு அடிமையானோருக்கு மறுவாழ்வு ஆகிய அனைத்தையும் ஒரு சிறு சபை மட்டும் சுமக்க இயலுமா?

சபைகள் இணைவது எளிதன்று. கத்தோலிக்கரும் பிற சபையாரும் நற்கருணையை இன்றும் தனித்தனியேதான் பெறுகின்றனர். எனினும், சேர்ந்து மன்றாடவும் உழைக்கவும் தடையில்லை. கிறிஸ்துவ ஒன்றிப்புக்கான செபவாரம் 1908-இல் தொடங்கியது. பல நாடுகளில் சனவரி 18 முதல் 25 வரை நடைபெறுகிறது. மலேசியாவில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, லூத்தரன் சபைகள் 1979-இல் ஒரே இறையியல் கல்லூரியை நிறுவின.

பசித்தவரிடம், “நீர் எந்தச் சபை? எந்தச் சமயம்?” எனக் கேட்டபின் சோறிடுவது ஈகையாகாது. கேளாமல் கொடுக்கப் பல கைகள் சேரும்போது, ஊர் கூடி இழுத்த தேர்போல் உதவியும் உரிய வாசலைச் சென்றடையும்.