படம் எப்போ வரும்னு தெரியாது... போர்க்களம் ரெடி! ஒரு நாள் புதுக்கோட்டை ரவுண்டு

தியேட்டர்ல டிரெய்லர் ஓடுது. புழுதி பறக்குது, யானை பிளிறுது, நூறு குதிரை ஒரே ஃபிரேம்ல பாயுது. 'உண்மை வரலாற்றைத் தழுவியது'னு ஒரு கார்டு விழுந்ததும் பின்வரிசையிலிருந்து விசில். அடிச்சது நீங்கதானே? வெட்கப்படாதீங்க. நானும் அந்தக் கட்சிதான்!

ஆனா ஒரு போர்ப் படத்துக்காக எத்தனை நாள் காத்திருப்பீங்க? ஆறு மாசம்? ரெண்டு வருஷம்? எங்க அப்பா 1997-லிருந்து காத்துக்கிட்டிருக்கார். படம் பேரு 'மருதநாயகம்'.

அந்த வருஷம் அக்டோபர் 16-ந் தேதி சென்னை எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில கமல்ஹாசன் பூஜை போட்டார். வந்து வாழ்த்தினது யார் தெரியுமா? இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்! அப்பா அப்போ காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தார். பேப்பர்ல வந்த அந்தப் போட்டோவை வெட்டி அக்கவுன்ட்ஸ் நோட்டுக்குள்ள வெச்சார். நோட்டு மஞ்சளாகிடுச்சு, ராணி 2022-ல் காலமாகிட்டாங்க, படம் மட்டும் இன்னும் தியேட்டருக்கு வரலை. கேட்டா, ''வரும்டா... நல்ல படம்னா லேட்டாத்தான் வரும்'' என்கிறார். அரியருக்கு நான் சொல்ற அதே டயலாக்!

சரி, படம் வரும்போது வரட்டும். அதுக்குள்ள அந்தக் கதை நடந்த மண்ணை ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடலாமா? செலவு பஸ் டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும்தான். எங்க ஊர் புதுக்கோட்டைக்கு ஜூட்!

காட்டுக்குள்ள அரிசி மூட்டை

முதல்ல ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 1751. ஆற்காடு நவாப் நாற்காலிக்கு ரெண்டு பேர் போட்டி. சந்தா சாகிப் பின்னால பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பின்னால ஆங்கிலேயக் கம்பெனி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டார். அங்கே தொடங்கின சண்டை 1754 வரைக்கும் இழுத்துச்சு.

முற்றுகைன்னா என்ன? உள்ள இருக்கிறவனுக்குச் சோறு போகவிடாம தடுக்கிறது. அப்படின்னா உள்ள இருந்தவங்க எப்படிப் பிழைச்சாங்க? விடை எங்க ஊர்க் காட்டுல இருக்கு. திருச்சிக்குத் தெற்கே இருந்த தொண்டைமான் சீமையிலிருந்து அரிசி மூட்டையும் ஆடு மாடும் மாட்டு வண்டிகளிலும் பொதிமாட்டு முதுகிலும் கோட்டைக்குப் போச்சு. அந்த வண்டிகளைக் காட்டு வழியில பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்த சிப்பாய்த் தளபதிகளில் ஒருத்தர்தான் யூசுப் கான். நம்ம மருதநாயகம்!

பிரெஞ்சுக்காரங்க சும்மா விடுவாங்களா? சோறு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சு, 1754-ல் தொண்டைமான் சீமைக்குள்ளேயே படையோட புகுந்துட்டாங்க. யாரோ ரெண்டு பேரோட நவாப் சண்டைக்கு எரிஞ்சது எங்க ஊர்க் குடிசைகள்.

யூசுப் கான் கதையோட கிளைமாக்ஸ் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்பெனிக்காகச் சண்டை போட்டவர், பின்னால மதுரையை ஆண்டு, நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்னு, 1764 அக்டோபர் 15-ந் தேதி மதுரையில தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றின படத்துக்கு பிரிட்டிஷ் ராணியே வந்து வாழ்த்து சொன்னது வரலாற்றோட குறும்பு. 

இப்போ நீங்க திருச்சி - புதுக்கோட்டை ரோட்ல பஸ்ல போனா அந்தக் காடு கண்ணுக்குத் தெரியாது. பொட்டல், முந்திரி, தைலமரம், அங்கங்கே மொட்டைப் பாறை. ஜன்னல் சீட்ல உட்கார்ந்து ராத்திரி நேரத்துல மாட்டு வண்டிச் சத்தத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க. டிக்கெட் காசு அதுக்கே சரியாப் போச்சு.

வானதி ஊருல வேப்பமரம்

முதல் ஸ்டாப் கொடும்பாளூர். திருச்சியில மதுரை ரோட்ல போற பஸ்ஸா பார்த்து ஏறி, விராலிமலையில இறங்குங்க. பாயின்ட் டு பாயின்ட் பஸ்ல ஏறிட்டு கண்டக்டர்கிட்ட கெஞ்சாதீங்க, நிறுத்த மாட்டார்! விராலிமலையிலிருந்து டவுன் பஸ் உண்டு.

'பொன்னியின் செல்வன்' பார்த்தீங்கல்ல? 2022-ல் முதல் பாகம், 2023-ல் இரண்டாம் பாகம். அதுல குந்தவையோடவே சுத்துற வானதி, கொடும்பாளூர் இளவரசி. பிரபு நடிச்ச பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியும் இந்த ஊர்தான். அந்தப் பேருடைய வேளிர் தலைவன் கட்டின மூவர் கோயில்தான் நீங்க இப்போ நிக்கிற இடம். தனக்கும் வரகுணை, கற்றளி என்ற தன் ரெண்டு மனைவியருக்குமாக மூணு விமானம் எழுப்பினான். இன்னிக்கு நிக்கிறது ரெண்டுதான். மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்துல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு. அது ஒரு முழுநீள வார் ஃபிலிம் ஸ்கிரிப்ட்! வேளிர் குல வம்சாவளியும், யார் யாரை எந்தப் போர்ல ஜெயிச்சாங்க என்கிற லிஸ்ட்டும் அதுல இருக்கு. பூதி விக்கிரமகேசரி பல்லவப் படையோட மோதினப்போ காவிரித் தண்ணியே ரத்தத்தால சிவந்துபோச்சாம். பில்டப்பு அப்பவே இருந்திருக்கு, பாஸ்!

ஆனா என்னை உலுக்கினது இன்னொரு வரி. பராந்தகன் சிறிய வேளான் என்கிற கொடும்பாளூர்க்காரனை வேறொரு கல்வெட்டு 'ஈழத்துப் பட்ட' என்ற அடைமொழியோட குறிப்பிடுது. ஈழத்துப் போர்ல செத்தவன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஸ்லோமோஷன் கிடையாது, பின்னணி இசை கிடையாது. ஒரே சொல்லுல ஒரு மனுஷன் முடிஞ்சுபோறான். கல்கி அந்த ஒத்தைச் சொல்லைப் பிடிச்சுத்தான் அப்பாவைப் போருக்குக் கொடுத்த வானதியை நமக்குக் காட்டினார்.

நான் போன அன்னிக்கு வேப்பமர நிழல்ல ரெண்டு ஆடு மட்டும் உட்கார்ந்திருந்துச்சு. படத்துக்காகச் சோழநாட்டைத் தேடி மத்தியப் பிரதேசத்துக்கும் தாய்லாந்துக்கும் போனாங்க. தப்பு சொல்லலை, கேமராவுக்கு இடம் வேணும். நமக்கு கேமரா பிரச்னை இல்லையே? நாம அசல் இடத்துக்கே போயிடலாம்.

முட்டை மாஸும் ஒரு பழைய வசவும்

மத்தியானம் புதுக்கோட்டை டவுன். மெஸ் எதுலயாவது புகுந்து முட்டை மாஸ் ஒண்ணு சொல்லுங்க. சாப்பிட்டுக்கிட்டே இதைக் கேளுங்க.

நான் வெளியூர் ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரம். எந்த ஊருன்னு ஒரு சீனியர் கேட்டார். சொன்னேன். ''ஓ... கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்த ஊரா?'' ரூமே சிரிச்சது. நானும் அசடு வழியச் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. பதில் தெரியாததுதான் காரணம்.

விஷயம் இதுதான். 1799 செப்டம்பர்ல மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறின கட்டபொம்மன் வடக்கே வந்து, புதுக்கோட்டைச் சீமையில திருக்களம்பூர்ப் பக்கம் பிடிபட்டார். பிடிச்சவங்க விஜயரகுநாத தொண்டைமானோட ஆட்கள். கம்பெனிகிட்ட ஒப்படைச்சாங்க. அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறுல தூக்கு.

தேதியைக் கவனிச்சீங்களா? 1799 அக்டோபர் 16. 'மருதநாயகம்' பூஜை 1997 அக்டோபர் 16. அதே நாள். வருஷத்துல கூட அதே நாலு எண்கள், இடம் மாத்திப் போட்ட மாதிரி!

இப்போ சினிமாவோட பவரைப் பாருங்க. 1959 மே மாசம் பி.ஆர்.பந்துலு இயக்கத்துல சிவாஜி நடிச்ச 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்துச்சு. கெய்ரோ விழாவுல சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்த படம். அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல துரோகின்னா ஒரே பேருதான், எட்டப்பன்! கிரிக்கெட் டீம்ல கட்சி மாறினாலும் எட்டப்பன், பரீட்சையில பேப்பர் காட்டலைன்னாலும் எட்டப்பன். பிடிச்சுக் கொடுத்தது தொண்டைமான் என்கிறது பாடப் புத்தகத்தோட ஓரத்துல தங்கிப்போச்சு. யாரு வில்லன்னு வரலாறு எழுதறதுக்கு முன்னாடியே சினிமா எழுதிடுது.

அந்தப் படத்துல கட்டபொம்மனுக்காக உயிரைக் கொடுக்கிற வெள்ளையத்தேவனா நடிச்ச ஜெமினி கணேசன் எந்த ஊர்னு நினைக்கிறீங்க? புதுக்கோட்டை! அந்த சீனியரை மறுபடி பார்த்தா சொல்றதுக்கு இந்த ஒரு பாயின்ட்டை ரெடியா வெச்சிருக்கேன்.

நிஜமான பதில் அது இல்லைதான். தொண்டைமான்கள் 50 வருஷமா கம்பெனியோட கூட்டாளிகள். அதுக்குக் கூலியும் கிடைச்சது. 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் சீமையும் புதுக்கோட்டைக்கு உறுதியாச்சு. வருஷம் ஒரு யானை கப்பம் கட்டணும்னு நிபந்தனை. அந்த யானையை கம்பெனி வற்புறுத்திக் கேட்டதே இல்லை. 1836-ல் அதையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. சுத்தி இருந்த பாளையங்கள் எல்லாம் போன பிறகும் புதுக்கோட்டை தனி சமஸ்தானமா 1948 மார்ச் 3 வரைக்கும் நின்னுச்சு.

ஊரைக் காப்பாத்தின சாமர்த்தியமா, ஒரு மனுஷன் உயிரை விலையாக் கொடுத்த பேரமா? ரெண்டுமேன்னுதான் எனக்குத் தோணுது. சாப்பிட்டு முடிச்சுட்டு கலெக்டர் ஆபீஸ் வாசல் வரைக்கும் நடந்து பாருங்க. தொண்டைமான்களோட அரண்மனைதான் அது. இப்போ முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கிட்டு பாட்டிங்க அங்க வரிசையில நிக்கிறாங்க. டைம் இருந்தா திருக்கோகர்ணத்துல 1910-ல் தொடங்கின மியூசியத்தையும் பார்த்துடுங்க. சமஸ்தானத்தோட சொந்தச் செப்புக் காசு, அம்மன் காசு பற்றிக் கேட்டு வெச்சுக்கங்க.

கோட்டை மேல காத்து

சாயங்காலம் திருமயம். காரைக்குடி பஸ் ஏறினா 20 கிலோமீட்டர். ரோட்லயிருந்தே தெரியும், பாறை மேல உட்கார்ந்திருக்கிற கோட்டை. 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டினது, பின்னால தொண்டைமான் கைக்கு வந்தது. தேசத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான். அடிவாரத்துல பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைக் கோயில்ல.

மேலே ஏறுங்க. பாதி வழியில பாறையைக் குடைஞ்சு ஒரு சிவலிங்கம், இரும்பு ஏணியில ஏறித்தான் பார்க்கணும். உச்சியில ஒரு பீரங்கி. செல்ஃபி எடுக்காம யாரும் இறங்கினதில்லை! ஊர்க்காரங்க இதை 'ஊமையன் கோட்டை' என்பாங்க. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை இங்கே அடைச்சு வெச்சிருந்ததா வாய்வழிப் பேச்சு. வரலாறு சொல்றது பாளையங்கோட்டைச் சிறையை. 1801 பிப்ரவரியில அங்கிருந்து தப்பிச்சு, இடிச்ச கோட்டையைத் திரும்பக் கட்டி, மருது சகோதரர்களோட சேர்ந்து போராடி, அதே நவம்பர்ல தூக்கு மேடை ஏறினார். ஆனாலும் இந்த மக்கள் தங்கள் கோட்டைக்கு ஜெயிச்ச ராஜா பேரை வைக்கலை. தோத்தவனோட தம்பி பேரை வெச்சிருக்காங்க. ஹாஸ்டல்ல எனக்குத் தெரியாத பதிலை, இந்த ஊரு யாரும் கேட்காமலே சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

மறுநாள் லீவுன்னா பொன்னமராவதிப் பக்கம் திருக்களம்பூரையும் பாருங்க. அப்படியே மாவட்ட எல்லையைத் தாண்டினா, பாரியோட பறம்பு மலைன்னு சொல்லப்படுற பிரான்மலை. சு.வெங்கடேசனோட 'வேள்பாரி'யைப் படமாக்கணும்னு இயக்குநர் ஷங்கர் வெளிப்படையா ஆசையைச் சொல்லியிருக்கார். ஆக, அடுத்த வெயிட்டிங் லிஸ்ட்டும் ரெடி!

அதுலயும் மூவேந்தரும் சேர்ந்து ஒரு சின்ன மலைத் தலைவனைச் சூழ்ந்த கதைதான். வரும்போது முதல் நாள் முதல் ஷோ போங்க, விசில் அடிங்க, பேப்பர் கிழிச்சுப் போடுங்க. ஆனா திரையில ஒருத்தனை 'துரோகி'ன்னு காட்டும்போது ஒரு செகண்ட் யோசிங்க. அவனுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும். அந்த ஊர்லயிருந்து ஒரு பையன் உங்க ஹாஸ்டல்லயே தங்கியிருக்கலாம்.

போன மாசம் அப்பாவைத் திருமயத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். முழங்கால் வலியோட மெதுவா ஏறினார். உச்சியில பீரங்கி பக்கத்துல நின்னு நாலு பக்கமும் பார்த்தவர் சொன்னார்: ''கமல் இங்க வந்து எடுத்திருக்கலாம்டா.''

நான் வானத்தைப் பார்த்தேன். ''வரும்ப்பா'' என்றேன்.